இனி லாகின் செய்ய முடியாதவர்களின் கதைகளை என்ன செய்யப் போகிறீர்கள்?

கதைத்தளத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

இரண்டு ஆண்டுகளாக லாகின் செய்யாத கணக்குகளை, அவற்றில் உள்ள கதைகளோடு சேர்த்து நீக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பை 30 நாளுக்குள் அழுத்தினால் கணக்கு தப்பிக்கும். இல்லையென்றால் கதை, காமெண்ட் எல்லாம் போய்விடும். சர்வர் செலவு என்று காரணமும் சொல்லிவிட்டீர்கள். அறிவிப்புக்கு மேலே, அதே பக்கத்தில், "உங்கள் கதை இங்கே என்றென்றும் பத்திரம்" என்ற வாசகம் இன்னும் தொங்குகிறது. அதையாவது முதலில் கழற்றியிருக்கலாம்.

நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டிடிபி கடை வைத்திருப்பவள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ், கல்லூரி ப்ராஜெக்ட் இவைதான் பிழைப்பு. உங்கள் தளம் தொடங்கிய காலத்திலிருந்தே வாசகி. இந்த அறிவிப்பு என்னைத் தொடாது. நான் அன்றாடம் வந்து போகிறவள். தொடுவது எங்கள் டீச்சரை. அவர்கள் இனி லாகின் செய்ய மாட்டார்கள். இறந்துவிட்டார்கள்.

டீச்சர் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மீனாட்சிபுரத்தில் வீடு, பிறந்து வளர்ந்தது பழையகாயல் பக்கம். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் எழுத ஆரம்பித்தார்கள். கல்கியின் பொன்னியின் செல்வனில் கோடிக்கரை ஓடக்காரி பூங்குழலி கடைசியில் சோழ அரசியாகிவிடுகிறாள் அல்லவா, அதற்கப்புறம் அவளுக்குக் கடலைப் பார்க்கக் கொடுத்துவைத்ததா இல்லையா என்பதுதான் டீச்சருக்கு எழுந்த கேள்வி. அரண்மனையில் இருப்புக் கொள்ளாமல் அவள் கொற்கைக்குக் கிளம்பி வருவதாக ஒரு நீண்ட கதை எழுதினார்கள். அதில் முத்துச் சலாபம், அதாவது கடலில் மூழ்கி முத்தெடுக்கும் தொழில், வரும். முத்துக் குளிப்பவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள் வரும்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். எந்தக் காற்றில் தோணி இறக்கலாம், எதில் இறக்கினால் திரும்பி வரமாட்டாய் என்று ஒரு கிழவர் பூங்குழலிக்கே பாடம் எடுப்பார். "இது என் தாத்தா சொன்னது" என்று கீழே குறிப்பு வேறு. கல்கியின் நாவலைப் படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அது எங்கேயும் கிடைக்கும். அந்தத் தாத்தா சொன்னது உங்கள் தளத்தில் மட்டும்தான் இருந்தது.

டீச்சர் நோட்டில் எழுதித் தருவார்கள். நான் உங்கள் தளத்தின் எழுதும் பெட்டியிலேயே நேராக அடித்து ஏற்றுவேன். அங்கேயே சேமியுங்கள், எதுவும் தொலையாது என்று எழுத்தாளர்களுக்கான வழிகாட்டியில் நீங்கள்தான் போட்டிருந்தீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் புகுந்தது. என் கடை சி.பி.யு. சேற்றில் போனது. டீச்சர் வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நோட்டுகள். எல்லாம் மை பேனாவால் எழுதியவை. காயவைத்துப் பார்த்தோம், நீலக் கறைதான் மிச்சம். நான் வாயடைத்து நின்றபோது டீச்சர்தான் தேற்றினார்கள்: "நோட்டு போனாப் போட்டும்ட்டி. அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுல்லா. அவங்க பத்திரமா வச்சிருப்பாங்க."

அவங்க என்று டீச்சர் சொன்னது உங்களை.

வெள்ளத்துக்குப் பிறகு சில மாதங்களில் டீச்சர் காலமானார்கள். அதற்கடுத்து நீங்கள் புது சர்வருக்கு மாறினீர்கள். மாறிய கையோடு டீச்சர் கதையின் முதல் பாகத்தைத் திறந்தால் பத்தி பத்தியாகக் கேள்விக்குறி. பூங்குழலி என்ற பெயர் வந்த இடத்திலெல்லாம் ஒன்பது கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்கு அது ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பதிந்துவைக்கும் யூனிகோடு முறையில் அது ப, ஊகாரக் குறி, ங, புள்ளி, க, உகாரக் குறி, ழ, ல, இகாரக் குறி என்று ஒன்பது. தமிழை ஏற்கத் தெரியாத ஒரு டேட்டாபேஸில் கொண்டுபோய்க் கொட்டினால், அது ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் உதவி மையம் எனக்கு அனுப்பிய பதில் "எழுத்துருப் பிரச்சினையாக இருக்கலாம், வேறு பிரவுசரில் முயன்று பாருங்கள்" என்பது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பது என் அன்றாட வேலை. எழுத்துருக் கோளாறு என்றால் சரக்கு உள்ளே இருக்கும், மேல்பார்வைக்குத்தான் வேறு மாதிரி தெரியும். சரியான மாற்றி கிடைத்தால் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகவே பதிவாகிவிட்டது என்றால் உள்ளே ஒன்றுமில்லை. பழைய சர்வரின் பேக்கப்பிலிருந்து எடுத்தால்தான் உண்டு. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். டிக்கெட் எண் வந்தது. பிறகு டிக்கெட் முடித்துவைக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. மறுபடி கேட்டேன், மறுபடி முடித்துவைத்தீர்கள். இருக்கிறது, இல்லை என்ற இரண்டில் ஒரு சொல் இன்றுவரை வரவில்லை.

எழுதியவரிடம் பிரதி இருக்காதா என்று கேட்பீர்கள். எப்படி இருக்கும்? உங்கள் தளத்தில் எழுத்தைச் செலக்ட் செய்ய முடியாது, ரைட் கிளிக் வேலை செய்யாது, டவுன்லோடு கிடையாது. ஒரு பாகம் முடிந்ததும் அதைப் பூட்டிவிடுகிறீர்கள். எழுதியவரே உள்ளே போக முடியாது. கதைத் திருட்டைத் தடுக்க என்கிறீர்கள். தடுத்துவிட்டீர்களா? டெலிகிராமில் உங்கள் தளத்துக் கதைகள் பிடிஎஃப்களாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. டீச்சர் கதையின் முதல் பாகத்தில் பதினோரு எபி (அத்தியாயம்) எனக்குக் கிடைத்தது அங்கேதான். யாரோ ஒரு புண்ணியவான் மொபைலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் அவர் பேட்டரி எத்தனை சதவீதம் என்பதுகூடத் தெரிகிறது. நீங்கள் யாரைத் திருடன் என்கிறீர்களோ அவரிடம் இருந்தது, உங்களிடம் இல்லை.

உங்கள் குழுவில் ஒருவர் தனிச்செய்தியில் வேறொன்றும் சொன்னார். ஃபேன்ஃபிக்‌ஷன் (பிறர் கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர் எழுதுவது) சொந்தக் கதை இல்லையே மேடம், அதற்குப் போய் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, காப்பிரைட் தொல்லை வேறு என்றார். காப்பிரைட்டை முதலில் முடித்துவிடுவோம்: கல்கி 1954-ல் காலமானார், அவருடைய எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமையாகிவிட்டன. டீச்சரை யாரும் தடுக்க முடியாது.

சொந்தக் கதை இல்லை என்பதற்கு எங்கள் ஊர்க் கணக்கில் பதில் சொல்கிறேன். கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கதை ஒன்றுதான், புலவருக்குப் புலவர் மாறும். பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் தெய்வமாக நிற்கும் முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் பிராமணன். அவன் கல்யாணம் செய்துகொண்ட பொம்மக்காவும் திம்மக்காவும் அருந்ததியர் வீட்டுப் பெண்கள். இல்லையில்லை, அவர்களும் பிறப்பால் பிராமணக் குழந்தைகள்தான், காட்டில் கண்டெடுத்து வளர்த்தார்கள் என்று கதையில் ஒரு பகுதி உண்டு. அது பின்னாளில் ஒட்டவைத்தது என்று எங்கள் நாங்குநேரிக்காரர், நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை வாதிட்டார். யார் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று இப்படிக் கேட்பதற்குப் பல வடிவங்களும் கைக்குக் கிடைக்க வேண்டும். உங்கள் தளத்தில் சீரியல் நாயகியை மாமியார் வீட்டைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, வேலைக்கு அனுப்பி, இரண்டாம் கல்யாணமும் செய்துவைக்கிற கதைகள் எத்தனை இருக்கின்றன! டிவியில் அவள் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள். நம் காலத்துப் பெண்கள் மனசுக்குள் என்ன ஓடியது என்று நாளைக்கு யாராவது தேடி வந்தால் டிவி சேனலின் கிடங்கைவிட அந்தக் கதைகள்தான் பேசும். சொந்தக் கதை இல்லை என்று அவற்றைக் கழித்துக் கட்டாதீர்கள்.

தளங்கள் இப்படிப் போவது புதிதல்ல. யாகூ 2009-ல், ஆளாளுக்கு இலவச இணையப் பக்கம் கொடுத்த ஜியோசிட்டீஸை மூடியது; ஆர்க்கைவ் டீம் போன்ற தன்னார்வலர்கள் ஓடி ஓடி எடுத்துவைத்ததுதான் மிஞ்சியது. தமிழ் இணைய எழுத்தின் ஆரம்ப காலப் பேச்சு எவ்வளவோ நடந்த யாகூ குழுமங்களின் பழைய மடல்களை அதே யாகூ 2019 கடைசியில் நீக்க ஆரம்பித்தது. 1998-ல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட், 2002-ல் வயதுவந்தோர் கதைகளை மொத்தமாகத் தடை செய்தது. ரசிகர் கதைக்குக் காசு கொடுக்கிறோம் என்று அமேசான் 2013-ல் தொடங்கிய கிண்டில் வேர்ல்ட்ஸ் 2018-ல் மூடப்பட்டது. இவற்றில் பலவற்றை நடத்தியது உங்களைவிடப் பெரிய கைகள். ஆகையால் செலவு கட்டவில்லை என்று நீங்கள் சொல்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் கணக்கு இடிக்கிறது. யூனிகோடு தமிழில் ஓர் எழுத்துக் குறிக்கு மூன்று பைட். பத்து லட்சம் குறிகள் கொண்ட மெகா நாவலே மூன்று எம்.பி.தான் வரும். உங்கள் முகப்பில் ஓடும் விளம்பர வீடியோ அதைவிடப் பெரியது.

செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. 2007-ல் ரசிகர்களே சேர்ந்து தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று, 2009 முதல் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளத்தை நடத்துகிறது. விளம்பரம் கிடையாது; நன்கொடையில் ஓடுகிறது; ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. படிக்கத் திறக்கிற எந்தக் கதையையும் இபப் மின்னூலாகவோ பிடிஎஃப் ஆகவோ இறக்கிக்கொள்ளலாம். வேறு சிறு தளங்கள் மூடப்படும் நிலைக்கு வந்தால் அங்குள்ள கதைகளை எழுதியவர் பெயரோடு இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கென்றே ஓப்பன் டோர்ஸ் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். எழுதியவர் இறந்துபோனால் கணக்கை யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் ஏற்பாடு உண்டு. அதற்காக அவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அங்கேயும் எழுதியவர் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி போனது போனதுதான். கதையை நீக்கினால் கதையே போனது. நூலகத்துக்காரர்கள் கேட்டால் இதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம். ஆனால் அங்கே ஒரு கதை போனால் பெரும்பாலும் எழுதியவர் கையால் போகும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமானதும் கணக்கை அழித்துவிட்டுப் போகிற பெண்பிள்ளைகள் நிறைய. மாப்பிள்ளை வீட்டில் யாராவது பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள், புனைபெயர் தெரிந்துபோகும், காதல் காட்சி எழுதியவள் என்ற பேச்சு வரும் என்ற பயம். ஒரு பிள்ளை பத்திரிகைக்குப் ப்ரூஃப் பார்க்க என் கடைக்கு வந்தவள், அங்கேயே நின்றுகொண்டு மொபைலில் தன் கதைகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். அவளுக்கு அந்த உரிமை இருந்தே ஆக வேண்டும்; பாதுகாக்கிறேன் பேர்வழி என்று யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் அவளுக்கு நீங்கள் கொடுத்தது இரண்டே வழி: பெயரோடு இரு, அல்லது அழித்துவிட்டுப் போ. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓனில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கதையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். அது இங்கே இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று தெரியாது. யோசித்துப் பார்க்கவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

காமெண்ட் விஷயம் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. புது சர்வருக்கு மாறியபோது பழைய காமெண்டுகளை நீங்கள் கொண்டுவரவே இல்லை. "நைஸ் எபி சிஸ்", "அடுத்த யூடி (புதுப் பகுதி) எப்போ" என்று வருவதுதானே என்று நினைத்திருப்பீர்கள். அந்த டிசம்பரில் டீச்சர் கதைக்குக் கீழே "யூடி வேண்டாம் டீச்சர், நல்லா இருக்கீங்களான்னு மட்டும் சொல்லுங்க" என்று வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் அம்மாவுக்குப் போன் போகவில்லை, அந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்று துபாயிலிருந்து ஒரு வாசகி கேட்டார். ஏரலிலிருந்து இன்னொருவர் பதில் போட்டார். கதைக்குக் கீழே ஒரு ஊரே பேசிக்கொண்ட இடம் அது. வேறு யாரும் அதை எடுத்து வைத்திருக்கவும் முடியாது: லாகின் போட்டால்தான் பக்கமே திறக்கும் என்று வைத்திருக்கிறீர்கள், அப்படிப்பட்ட பக்கத்துக்குள், இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் நுழையாது.

கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழஞ்சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சா. தேடிப் போன கதையைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஏடுகள் எங்கே என்று கேட்டவருக்கு, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம், பழைய ஏடுகளை அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறது என்று பதில் கிடைத்தது. சொன்னவர் கெட்டவர் இல்லை. விதி இருந்தது, விதிப்படி செய்தார்கள். என் டிக்கெட்டுகளுக்கு வந்த பதில்களிலும் "எங்கள் கொள்கையின்படி" என்ற தொடர் தவறாமல் இருந்தது.

இனி நான் கேட்பவை. லாகின் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கதைகளை நீக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். கணக்கை முடக்கிவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கதை நிற்க வேண்டும். பழைய சர்வரின் பேக்கப் உங்களிடம் இருக்கிறதா இல்லையா என்பதை இந்த 30 நாள் கெடு முடிவதற்குள் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இருக்கிறது என்றால், அதை அழிப்பதற்கு முன் கேள்விக்குறியாகிப்போன கதைகளையும் விட்டுப்போன காமெண்டுகளையும் அதிலிருந்து மீட்டுத் தாருங்கள். இல்லை என்றால், என்னென்ன கதைகள் போயின என்று ஒரு பட்டியலாவது போடுங்கள். எழுதியவர்களும் வாசகர்களும் தங்களிடம் உள்ளதைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

எழுதியவர் தன் கதை முழுவதையும் காமெண்டுகளோடு இறக்கிக்கொள்ள வசதி செய்யுங்கள். பூட்டிய பாகங்களுக்கும் சேர்த்து. பேங்கில் வைப்பதுபோல ஒரு நாமினி பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இறந்துபோனவர்களுக்கு வீட்டாரோ நண்பர்களோ சான்று காட்டினால் கணக்கை அவர்கள் பொறுப்பில் கொடுங்கள். பெயரை மட்டும் கழற்றிக்கொள்ளும் வழியைத் திறந்துவிடுங்கள். தளத்தையே மூடும் நாள் வருமானால் ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள். எழுதியவர்களின் சம்மதத்தோடு ஒரு பிரதியை சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில் ஒப்படைக்க இப்போதே பேச்சுத் தொடங்குங்கள். இதில் எதுவுமே முடியாது என்றால் முகப்பில் இருக்கும் அந்த வாக்குறுதியை எடுத்துவிட்டு, கதைகள் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படும் என்று போடுங்கள். எழுதுகிறவர்கள் தெரிந்துகொண்டு ஏற்றட்டும்.

பதிலை எனக்கு டிக்கெட்டாக அனுப்ப வேண்டாம், எல்லோரும் பார்க்கும்படி தளத்தில் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கிடைத்த பதினோரு எபியையும் நான் மறுபடி யூனிகோடில் அடித்து வைத்திருக்கிறேன். பேக்கப்பிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுத்தால், டீச்சர் கதைக்கு மட்டுமல்ல, மீண்டு வரும் எந்தக் கதைக்கும் ஒப்பிட்டுப் ப்ரூஃப் பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
வண்ணார்பேட்டை வாசகி